யோனி எண்டா என்ன, அந்தச் சொல் எங்க இருந்து வந்தது, அது கெட்ட சொல்லா?

நீங்க ஒரே மூச்சில மூண்டு கேள்வி கேட்டிருக்கிறீங்க. மகள்ட சயன்ஸ் புத்தகத்தில இனப்பெருக்கத் தொகுதி படத்தில "யோனிமடல்" எண்டு இருக்கு, அதே கிழமை தம்பிக்கு வந்த சம்பந்தத்துக்கு சாத்திரியார் சாதகப் பொருத்தம் பாத்து எழுதித் தந்த துண்டில "யோனி இல்லை" எண்டு இருக்கு, பிள்ளை ரெண்டையும் பாத்திட்டு "அம்மா ரெண்டும் ஒண்டா?" எண்டு கேட்டிருக்கிறா, பக்கத்தில இருந்த மாமியார் "ச்சீ, அதெல்லாம் சத்தமா வாசிக்காத" எண்டு சொல்லியிருக்கிறா. ரெண்டும் ஒண்டா, அது தமிழா சமஸ்கிருதமா, வீட்டில வாயால சொல்லலாமா, இதுதானே கேள்வி. நான் சுகாதாரத் துண்டுப்பிரசுரங்களை தமிழில எழுதிக் குடுக்கிற வேலை செய்யிற ஆள், இந்த ஒரு சொல்லோட கனகாலமா மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிறன், அதால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போறன்.

முதல்ல நேரடிப் பதில்: ரெண்டும் ஒரே சொல்தான், சமஸ்கிருதச் சொல், கெட்ட சொல் இல்லை. ஆனா ரெண்டு இடத்திலயும் ஒரே அர்த்தம் இல்லை. புத்தகத்தில இருக்கிற யோனிமடல் பெண்ணின்ர உறுப்பு, இங்கிலீஷில வஜைனா எண்டு சொல்றது. சாத்திரியார்ட துண்டில இருக்கிற யோனி எந்த உறுப்பையும் சொல்லேல்ல.

சமஸ்கிருத இலக்கணகாரர் இதை "யு" எண்ட வேரில இருந்து எடுக்கினம், சேர்க்கிறது, பிணைக்கிறது எண்டு அதுக்குப் பொருள். ஆனா வேரை விட பழைய பாவனையைப் பாத்தாத்தான் விஷயம் விளங்கும். ரிக் வேதத்தில அக்கினி தன்ர யோனியில வந்து இருக்கிறார் எண்டு வரும், அங்க அது வேள்வி மேடை, அவர்ட இருப்பிடம், அவர் பிறக்கிற இடம். "ருதத்தின்ர யோனி" எண்டும் அடிக்கடி வரும், உலக ஒழுங்கு எங்க இருந்து வருதோ அந்த இடம் எண்டு அர்த்தம். கருப்பை எண்ட அர்த்தமும் அங்கேயே இருக்கு, ஆனா அது "ஒண்டு தோன்றுற இடம், இருக்கிற இடம்" எண்ட பெரிய அர்த்தத்துக்குள்ள ஒண்டு. இன்னொரு விசேஷம், ரிக் வேதத்தில இந்தச் சொல் இலக்கணப்படி ஆண்பால். பெண்பாலா வாறது பிறகுதான். பெண்ணின்ர உறுப்புக்குப் பேர் எண்டு நாங்க நினைக்கிற சொல் ஆண்பாலா நிண்டிருக்கு எண்டா, அது முதல்ல இடத்தின்ர பேர், பிறகுதான் உறுப்பின்ர பேர் எண்டு எனக்குப் படுது.

அந்தப் பழைய அர்த்தம் எங்கயும் போகேல்ல. வேதாந்த நூலான பிரம்ம சூத்திரத்தின்ர மூண்டாவது சூத்திரமே "சாஸ்த்ரயோனித்வாத்" எண்டுதான், சாஸ்திரத்துக்கு மூலம், இல்லாட்டி சாஸ்திரத்தை மூலமா உடையது, எப்பிடி உரை சொன்னாலும் யோனி அங்க "மூலம்". கீதையில 14ஆம் அத்தியாயத்தில எல்லா யோனிகளிலயும் பிறக்கிற வடிவங்களுக்கு நான் விதை போடுற தகப்பன் எண்டு கிருஷ்ணர் சொல்றார், அங்க யோனி எண்டா பிறப்பு வகை. சீதையை "அயோனிஜா" எண்டு சொல்லுவினம், ஏர் உழுத சாலில கிடைச்சவ, ஒரு வயித்தில பிறக்காதவ எண்டு.

கொழும்பில இருக்கிற நாங்க இந்தச் சொல்லை எங்களுக்குத் தெரியாமலே மாசாமாசம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறம். போயா எண்ட பௌர்ணமி நாளில பன்சலை, அதுதான் புத்த கோயில், ஸ்பீக்கரில பண எண்ட பிரசங்கம் சொல்லேக்க கொஞ்சம் காது குடுத்துப் பாருங்க, "யோனிஸோ மனஸிகாரய" எண்டு ஹாமுதுரு, அதாவது பிக்கு, சொல்லுவார், ஒரு பணையிலயே நாலு அஞ்சு தரம் வரும். பாளிச் சொல். ஒரு விஷயத்தை அதின்ர தோற்றுவாயில இருந்து, அடியில இருந்து நிதானமா யோசிச்சுப் பாக்கிறது எண்டு அர்த்தம். அப்பிடி யோசிக்காம மேலால பாக்கிறது "அயோனிஸோ". வெள்ளை உடுப்போட நிலத்தில இருக்கிற ஆச்சிமார் கும்பிட்டுக்கொண்டு கேக்கினம், ஒருத்தரும் வெக்கப்படுறதில்லை, ஏனெண்டா அவைக்கு அந்த இடத்தில அது உறுப்பா கேக்கிறதே இல்லை. ஆனா அதே சிங்களத்தில ஸ்கூல் புத்தகத்தில "யோனி மார்கய" எண்டா அது உறுப்புத்தான். சொல் ஒண்டு, பாவிக்கிற இடம்தான் வேற.

எங்கட பக்கமும் இதே கதைதான். சைவசமய பாடத்தில நால்வகைத் தோற்றம், எழுவகைப் பிறப்பு, எண்பத்துநான்கு நூறாயிரம் யோனி பேதம் எண்டு நாங்க எல்லாரும் பாடமாக்கினது ஞாபகம் இருக்குத்தானே? அறநெறிப் பாடசாலையில சின்னப் பிள்ளையள் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பிக்குதுகள். முட்டையில பிறக்கிறது, வேர்வையில பிறக்கிறது, வித்தில முளைக்கிறது, கருப்பையில பிறக்கிறது, இது நால்வகைத் தோற்றம். 84 லட்சத்துக்கு கணக்கும் ஒரு பழைய வெண்பாவில இருக்கு: ஊர்வன 11, மனிசர் 9, நீரில வாழ்றது 10, பறவை 10, நாலுகால் 10, தேவர் 14, தாவரம் 20, கூட்டினா 84 வரும், எல்லாம் லட்சத்தில. இங்க யோனி பேதம் எண்டா பிறப்பு வகைகளின்ர வேறுபாடு, இண்டைக்கு பயோலொஜியில இனம் எண்டு சொல்றதுக்குக் கிட்டத்தட்ட வாற ஒரு யோசனை. மாமியாரும் இதைச் சின்ன வயசில சத்தமாத்தான் ஒப்பிச்சிருப்பா, கேட்டுப் பாருங்க.

இனி சாத்திரியார்ட துண்டு. பத்துப் பொருத்தத்தில யோனியும் ஒண்டு. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு மிருகம் குடுத்திருக்கு, மொத்தம் 14 மிருகம், அச்சுவினியும் சதயமும் குதிரை, பரணியும் ரேவதியும் யானை, ரோகிணியும் மிருகசீரிடமும் பாம்பு, புனர்பூசமும் ஆயிலியமும் பூனை, மகமும் பூரமும் எலி, சித்திரையும் விசாகமும் புலி, இப்பிடிப் போகும். உத்தராடம் மட்டும் கீரி, சோடி இல்லாம தனிய நிக்கும். பகை மிருகம் வந்தா பொருத்தம் இல்லை: பாம்புக்குக் கீரி, பூனைக்கு எலி, குதிரைக்கு எருமை, யானைக்குச் சிங்கம், பசுவுக்குப் புலி, நாய்க்கு மான், ஆட்டுக்குக் குரங்கு. உங்கட தம்பி ரோகிணி, பொம்பிளை உத்தராடம் எண்டா "யோனி இல்லை" எண்டு எழுதத்தான் செய்வார். தாம்பத்திய ஒற்றுமைக்குப் பாக்கிற பொருத்தம் எண்டு சொல்றது உண்மை, அதாலதான் வெள்ளவத்தைப் பக்கம் கலியாணத் தரகர்மார் இந்த வரி வரேக்க மட்டும் குரலைத் தணிச்சுக் கதைக்கிறது. ஆனா சொல்லின்ர அர்த்தம் "என்ன வகைப் பிறப்பு" எண்டதுதான், அந்த 84 லட்சத்தில வாற அதே யோனி. பொருத்தம் பாக்கிறது சரியா பிழையா எண்டு நான் வாதாட வரேல்ல, எனக்கு அதில நம்பிக்கை இல்லை, ஆனா பிள்ளைக்கு விளங்கப்படுத்த இது நல்ல உதாரணம், மிருகப் பட்டியல் எண்டா பிள்ளையள் விரும்பிக் கேட்பினம்.

வீடு கட்டுறதிலயும் யோனி இருக்கு தெரியுமா? மனையடி சாத்திரத்தில சுற்றளவை மூண்டால பெருக்கி எட்டால பிரிச்சு மிச்சம் வாறதுதான் அந்த வீட்டின்ர யோனி, கொடி, புகை, சிங்கம், நாய், எருது, கழுதை, யானை, காகம் எண்டு எட்டு, ஒற்றை எண்கள் நல்லது. பழைய ஆசாரிமார் கூச்சமில்லாம சொல்லுவினம் இது எருது யோனி வீடு எண்டு. சரி அதை விடுவம்.

அப்ப உறுப்புக்குப் பேரா எப்பிடி வந்தது? ஆயுர்வேத நூல்களில இந்தச் சொல்லுக்கு முழு வேலை இருக்கு. சுசுருத சங்கிதை சொல்லுது யோனி சங்கின்ர உள்பக்கம் மாதிரி மூண்டு சுற்று உள்ளது, மூண்டாவது சுற்றிலதான் கர்ப்பசய்யை, அதாவது கருப்பை இருக்கு எண்டு. இதை வடிவாக் கவனிங்க, வெளிவாசலில இருந்து கருப்பை வரைக்கும் முழுப் பாதையும் அவைக்கு யோனிதான். சரகரும் சுசுருதரும் யோனி வியாபத் எண்டு 20 நோய் சொல்லுகினம், பொரளையில ஆயுர்வேதம் படிக்கிற பிள்ளையளிட்டக் கேட்டா இண்டைக்கும் 20 பேரையும் ஒப்பிக்கும், அந்த 20க்குள்ள மாதவிடாய்க் கோளாறும் வரும், பிள்ளை தங்காததும் வரும், வெளியில வாற எரிவும் வரும். ஒரு சொல்லுக்குள்ள இவ்வளவு இடம். என்னைக் கேட்டா இந்தச் சொல்லில இருக்கிற உண்மையான சிக்கல் வெக்கம் இல்லை, இந்த அகலம்தான். அதைப் பிறகு சொல்றன்.

மற்றப் பக்கம் ஐரோப்பாவில நடந்தது. இங்கிலீஷில பாவிக்கிற வஜைனா எண்ட சொல் லத்தீன். அர்த்தம் வாள் உறை. சும்மா உறைதான், சண்டைக்காரன் இடுப்பில கட்டுற சாமான். 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில உடலைக் கீறிப் பாத்து எழுதின உடற்கூற்று ஆட்கள்தான் அதை உறுப்புக்குப் பேராக்கினவை, இங்கிலீஷில வந்தது 1680களில. இதில எங்கட ஊர்க்காரர் சிரிக்கக்கூடிய ஒரு விஷயம் இருக்கு. பதுவாவிலயும் ரோமிலயும் படிப்பிச்ச ஒருத்தர், 1559இல வெளிவந்த அவற்ற புத்தகத்தில ஆணுறுப்பு உறைக்குள்ள போறது மாதிரி எண்டு இந்தச் சொல்லைப் போட்டு எழுதினார், அவற்ற பேர் றியால்டோ கொலம்போ. எங்கட கொழும்புக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, தற்செயல். நஞ்சுக்கொடியோட வாற நஞ்சுக்கு, எங்கட புத்தகத்தில சூல்வித்தகம் எண்டு இருக்குமே, அதுக்கு பிளசென்டா எண்டு பேர் வைச்சதும் அவர்தான், லத்தீனில தட்டைக் கேக் எண்டு அர்த்தம். யோனிலிங்கத்தை, இங்கிலீஷில கிளிற்றோரிஸ் எண்டு சொல்ற வெளி உறுப்பை, நான்தான் கண்டுபிடிச்சன் எண்டும் அவர் எழுதினார், ரெண்டு வருசத்தில 1561இல பலோப்பியோ எண்டவர் "இல்லை, நான்தான்" எண்டு எழுதினார். உலகத்தில பாதிப்பேற்ற உடம்பில இருக்கிற ஒண்டை ரெண்டு ஆம்பிளையள் கண்டுபிடிச்சதா அடிபட்டிருக்கினம் பாருங்க.

அந்தப் பலோப்பியோதான் எங்கட ஓ.எல் புத்தகத்தில இருக்கிற பலோப்பியன் குழாய்க்குச் சொந்தக்காரர். அவர் அதை "டூபா" எண்டு எழுதினார், லத்தீனில டூபா எண்டா எக்காளம், ஊதுற சாமான், நுனி விரிஞ்சு இருக்கிறதால அப்பிடிச் சொன்னார். இங்கிலீஷ்காரர் அதைக் குழாயாக்கிப் போட்டினம், நாங்களும் குழாய் எண்டே எடுத்திட்டம். குழல் எண்டு வைச்சிருந்தா ஊதுறதும் துளை உள்ளதும் ரெண்டும் சேர்ந்து வந்திருக்கும், யார் கேக்கிறது. இன்னொண்டு, வனிலா எண்ட சொல்லும் அந்த உறையில இருந்து வந்ததுதான், ஸ்பானிஷில வைனா எண்டா உறை, நெற்று, வைனில்யா எண்டா சின்ன நெற்று. மாமியார் ஐஸ்கிறீம் கடையில வனிலா கேட்டா ஒண்டும் சொல்லாதேங்க.

இப்ப ரெண்டு கலாச்சாரத்தையும் பக்கத்தில வைச்சுப் பாருங்க. லத்தீன் பேர் அந்த உறுப்பை ஆம்பிளையின்ர பக்கத்தில நிண்டு பாக்குது, அவன்ர வாளுக்கு உறை. யோனி பிள்ளையின்ர பக்கத்தில நிண்டு பாக்குது, நான் வந்த இடம். தமிழில பொதுவாச் சொல்ற பிறப்புறுப்பு எண்டதும் இதே பார்வைதான், பிறப்புக்கு உரிய உறுப்பு. எனக்கு இதுதான் பிடிச்சது, ஆனா அதுக்காக எங்கட ஆக்கள் பெண்ணை மேலா வைச்சிருந்தவை எண்டு நான் சொல்லப்போறதில்லை, சொல் ஒரு பக்கம் வாழ்க்கை ஒரு பக்கம்.

இனி உங்கட மகள்ட புத்தகத்தில இருக்கிற "மடல்". இலங்கையில தமிழில மருத்துவம் எழுதினதுக்குப் பழைய சரித்திரம் இருக்கு. 1847இல வந்த அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில இருந்துகொண்டு தமிழிலேயே மருத்துவம் படிப்பிச்சார், உடற்கூற்றியலும் பிரசவ வைத்தியமும் 1857இலயே தமிழில புத்தகமா வந்திட்டுது, உடற்கூற்றுக்கு அவை வைச்ச பேர் அங்காதிபாதம். அதுக்கு நூறு வருசம் கழிச்சு, 1950களிலயும் 60களிலயும் ஸ்கூல் படிப்பு தாய்மொழிக்கு மாறேக்க அரசாங்கம் கலைச்சொல் தொகுதிகள் போட்டுது, சூலகம், கருப்பை, யோனிமடல், சூல்வித்தகம் மாதிரிச் சொற்கள் எங்கட புத்தகங்களில ஊறினது அந்த வழியாலதான். தமிழ்நாட்டுப் புத்தகத்தில இதே உறுப்புக்கு கலவிக்கால்வாய் எண்டு இருக்கும், எங்களுக்கு அது புதுசாக் கேக்கும். மடல் எண்டா வாழை மடல், தாழை மடல், ஒண்டைச் சுத்திப் பொதிஞ்சு இருக்கிறது. தாவரவியலிலயும் இலையின்ர அடி தண்டைச் சுத்திக்கொண்டு நிக்கிறதை மடல் எண்டுதான் படிப்பிக்கினம், அதுக்கு லத்தீனில பேர் என்ன எண்டு நினைக்கிறீங்க, அதே வஜைனாதான். ஆகவே யோனிமடல் எண்டது சமஸ்கிருத யோனியையும் லத்தீன் உறையையும் ஒட்டினது மாதிரித்தான் இருக்கு, கெட்டித்தனமான வேலை.

ஆனா கெட்டித்தனம் எல்லாம் வேலைக்கு ஆகாது. மடல் எண்டா சாதாரண சனத்துக்கு முதல்ல வாறது காது மடல், வெளியில நீட்டிக்கொண்டு நிக்கிற பகுதி. அதால யோனிமடல் எண்டு வாசிக்கிற ஆள் அது வெளிப்பக்க இதழ் எண்டு நினைக்கிறது இயல்பு. நான் பாமசியில மருந்துக்கு நிக்கேக்க எனக்கு முன்னால ஒரு இளம் பிள்ளை, கையில பூஞ்சணத் தொற்றுக்கு உள்ளுக்கு வைக்கிற குளிசைப் பெட்டி, கவுண்டரில நிண்ட பெடியன் தமிழ்ப் பெடியன்தான், "யோனிமடலுக்குள்ள இரவில வைக்கோணும்" எண்டு தாளைப் பாத்து வாசிச்சுச் சொல்லிப்போட்டு வேற பக்கம் பாக்கிறான். அந்தப் பிள்ளை மெதுவா "மடல் எண்டா வெளியிலதானே அண்ணா?" எண்டு கேட்டுது. பெடியனுக்கு முகம் சிவந்திட்டுது. பிறகு உள்ளுக்கு நிண்ட மிஸ் வந்து, படுத்துக்கொண்டு காலை மடக்கி, விரலால போகக்கூடிய தூரம் உள்ளுக்குத் தள்ளோணும், மாதவிடாய் போற வழி இருக்குத்தானே அதுக்குள்ள எண்டு சொன்னா, ஒரு நிமிசத்தில விளங்கிட்டுது. மிஸ் யோனி எண்டும் சொல்லேல்ல மடல் எண்டும் சொல்லேல்ல. எந்த வழி எண்டு சொன்னா, அவ்வளவுதான்.

அப்ப தமிழுக்கெண்டு சொந்தச் சொல் இல்லையா எண்டு கேப்பீங்க. இருந்தது, அல்குல். சங்கப் பாட்டுகளில அகல் அல்குல் எண்டு அள்ளிப் போட்டிருக்கு, அதுக்கு மேல மேகலை கட்டினவை, தேர்த்தட்டோடயும் பாம்புப் படத்தோடயும் ஒப்பிட்டவை. சரியா எந்த இடம் எண்டு உரைகாரரும் ஆராய்ச்சிக்காரரும் ஒத்துவரமாட்டினம், இடுப்புக்குக் கீழ்ப்பக்கம் எண்டு ஒரு கட்சி, பெண்குறிதான் எண்டு இன்னொரு கட்சி. அகலம் எண்டும் மேகலை கிடக்குது எண்டும் சொல்றதைப் பாத்தா அரையும் அடிவயிறும் சேர்ந்த பகுதி எண்டுதான் கன இடத்தில பொருந்துது, ஒரு துளைக்கு மேல மேகலை கட்டேலாதுதானே. இண்டைக்கு அந்தச் சொல்லை ஒருத்தரும் கதைக்கிறதில்லை, ஆனா பாடுறம். வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில அபிராமி அந்தாதி படிக்கேக்க 42ஆவது பாட்டில "நல்லரவின் படங்கொண்ட அல்குல் பனிமொழி" எண்டு வரும், மைக்கில, கூட்டமா, கண்ணை மூடிக்கொண்டு. உங்கட மாமியாரும் அதில நிண்டிருப்பா. அம்மனைப் பாடினா பக்தி, சயன்ஸ் புத்தகத்தில வாசிச்சா "ச்சீ". அதால கெட்ட சொல்லா எண்ட கேள்விக்கு என்ர பதில், சொல்லில கெட்டது ஒண்டும் இல்லை, யார் எந்த இடத்தில எந்தக் குரலில சொல்லினம் எண்டதுதான். பஸ்ஸில பெடியள் கத்துற தூஷணச் சொற்கள் வேற சாதி, அதுகள் திட்டுறதுக்கெண்டே இருக்கிறது, யோனியை வைச்சு இவ்வளவு காலமும் ஒருத்தரும் ஒருத்தரையும் திட்டினதை நான் கேட்டதில்லை.

இப்ப அந்த அகலம் எண்ட சிக்கலுக்கு வாறன், உங்களுக்கும் மகளுக்கும் இதுதான் உண்மையா உதவும். பழைய யோனி முழுப்பாதையும், ஆனா கிளினிக்கில டொக்டர் கேக்கிறது எந்த இடம் எண்டு. வெளியில கண்ணாடியில பாக்கக்கூடியது எல்லாம் வெளி உறுப்பு, இதழ்கள், யோனிலிங்கம், வாசல். சிறுநீர் வாற துளை அதுக்கு மேல தனிய இருக்கு, பிள்ளை பெத்த பெண்டுகளிலயே கனபேருக்கு இது ரெண்டும் வேற வேற வழி எண்டு தெரியாது, நான் மிகைப்படுத்திச் சொல்லேல்ல. வாசலில இருந்து உள்ளுக்குப் போற தசை வழிதான் யோனிமடல், ஏழு பத்து சென்டிமீட்டர் வரும், சாதாரணமா சுவர்கள் ரெண்டும் ஒட்டிக்கொண்டுதான் கிடக்கும், தேவைக்கு விரியும். அதின்ர முடிவில கருப்பைக் கழுத்து, தமிழ்நாட்டில அதை கருப்பை வாய் எண்டு எழுதுவினம், எங்கட போஸ்டரில கழுத்து எண்டு இருக்கும், ரெண்டும் ஒரே இடம்தான், லத்தீனில சேர்விக்ஸ் எண்டாலும் கழுத்துத்தான். அதுக்கு மேல கருப்பை, பிள்ளை இல்லாத நேரம் ஒரு ஏழரை சென்டிமீட்டர் நீளம்தான், எல்லாரும் பெரிசா நினைக்கினம்.

இதைப் பிரிச்சுச் சொல்லத் தெரியாட்டி என்ன நடக்கும் எண்டா, டொக்டர் சிங்களத்திலயோ இங்கிலீஷிலயோ கேப்பார், எங்கட ஆள் "அடிவயித்தில" எண்டும் "கீழ" எண்டும் சொல்லுவா, வெளியில கடிக்குதோ உள்ளுக்கு நோகுதோ கழுத்துப் பக்கமோ எண்டு தெரியாம மருந்து எழுதுப்படும். கீழ எண்ட சொல்லில குற்றம் இல்லை, ஆனா அதோட "வெளியில", "உள்ளுக்கு", "மூத்திரம் போற இடத்தில" எண்டு ஒண்டைச் சேர்த்தாலே போதும். மூண்டு மொழியிலயும் கை காட்டிக்கூடச் சொல்லலாம், அதில வெக்கப்பட ஒண்டுமில்லை.

கன்னிச்சவ்வு பற்றியும் பிள்ளை கேக்கும், அதே படத்தில இருக்கும் எண்டதால சொல்றன். கிரேக்கத்தில ஹைமன் எண்டா சும்மா சவ்வு, அவ்வளவுதான், கன்னி எண்டதை ஒட்டினது நாங்க. அது வாசலைச் சுத்தி இருக்கிற மெல்லிய திசு, மூடி இல்லை, மூடியா இருந்தா மாதவிடாய் எப்பிடி வாறது? ஆளுக்காள் வடிவம் மாறும், அதைப் பாத்து ஒருத்தி உறவு கொண்டவளா இல்லையா எண்டு சொல்லேலாது. 2018இல உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் கன்னிப் பரிசோதனையை நிப்பாட்டோணும் எண்டு பகிரங்கமாக் கேட்டது இதாலதான். புத்தகத்தில அந்தச் சொல்லைக் கண்டா மகளிட்ட இதையும் சேர்த்துச் சொல்லுங்க, சாமத்திய வீட்டில பெரிசுகள் கதைக்கிற கதைக்கு முன்னால அது காதில விழுந்தா நல்லது.

சுப்பர்மார்க்கெட்டில வாசனை போட்டு விக்கிற வாஷ் போத்தலுகளும் வேண்டாம். யோனிமடலுக்குள்ள இயற்கையா இருக்கிற பக்டீரியா புளிப்புத்தன்மையை வைச்சுக்கொண்டு தானே சுத்தமா இருக்கும், உள்ளுக்குக் கழுவினா அதுதான் கெடும். வெளியில சாதாரணத் தண்ணி காணும். நிறம் மாறின, மணக்கிற, கடிக்கிற வெள்ளைபடுதல் எண்டா டொக்டரிட்டப் போறது, போத்தல் வாங்கிறதில்லை.

மகள் ஆறாம் ஆண்டு எண்டு எழுதியிருந்தீங்க. அப்ப ஸ்கூலில எச்.பி.வி. தடுப்பூசிக்கு கடிதம் வரும், 2017இல இருந்து ஆறாம் ஆண்டுப் பெண் பிள்ளையளுக்குக் குடுக்கினம், அதில கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் எண்டு இருக்கும், கருப்பைப் புற்றுநோய் எண்டு மாறி விளங்காதேங்க, இது கழுத்துக்கு வாறது, உறவு வழியாப் பரவுற எச்.பி.வி. எண்ட வைரஸ்தான் காரணம், அதால அந்த வயசு வர முதலே போடுறது. உங்களுக்கு 35 ஆகியிருந்தா எம்.ஓ.எச். ஒபிஸில, அதுதான் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில, பெண்களுக்கு நடக்கிற சுகவனிதையர் கிளினிக்குக்கு நீங்களும் போங்க, 1996இல இருந்து நடக்குது, காசு இல்லை, உங்கட பக்கத்து மிட்வைஃப் மிஸ்ஸிட்டக் கேட்டா நாள் சொல்லுவா. பப் டெஸ்ட் எண்டு சொல்றது அந்தக் கழுத்தில இருந்து கொஞ்சம் கலத்தை தடவி எடுக்கிறது. பீரியட் நேரம் போகாதேங்க, போறதுக்கு முந்தின ரெண்டு நாளும் உள்ளுக்கு மருந்து ஒண்டும் வைக்காதேங்க, லூசான பாவாடையோ சட்டையோ போட்டுக்கொண்டு போனா கழட்டிற சிரமம் இல்லை. மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கோவன், பிறஷரும் சுகரும் மார்பும் சேர்த்துப் பாப்பினம்.